அண்ணியின் நாலாவது குண்டு

ரொட்டிக்கடையில் என் அண்ணிக்கு ரேடியோ என்று பெயர். மாவு பிசையும் இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். விடியும் முன்னே அடுப்பைப் பற்றவைக்கும்போது தொடங்கினால் கடைசித் தட்டு வெளியே வரும்வரை நிற்காது. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதிலிருந்து பக்கத்து நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது வரை எல்லாச் செய்தியும் உண்டு. கை பாட்டுக்குக் கை வேலை செய்யும், வாய் பாட்டுக்கு வாய் வேலை செய்யும். உப்பை அவர் அளந்து போட்டு நான் பார்த்ததே இல்லை. அள்ளுவார், வீசுவார், சரியாக இருக்கும். இப்படிப்பட்ட மனுஷி, வாயைத் திறந்தாலே ஆபத்து என்கிற ஒரு வேலையை ஐம்பத்தாறு வயதில் கற்றுக்கொள்ளக் கிளம்பினார்.

நான் அவருடைய நாத்தனார். அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை. வலியோடு வருகிறவர்களை நாளெல்லாம் சமாதானப்படுத்துவதால் எனக்குப் பொறுமை அதிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். இருக்கிற பொறுமை எல்லாம் அங்கேயே செலவாகிவிடுகிறது. வீட்டுக்கு மிச்சம் வருவதில்லை.

என் பெரியண்ணனுக்கு, அதாவது அண்ணியின் கணவருக்கு, ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. பழைய மாதிரித் துப்பாக்கி. இப்போதுள்ளது மாதிரி பின்பக்கம் திறந்து தோட்டா போடுகிற ரகம் இல்லை. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, அதன் மேல் ஈயக்குண்டை வைத்து, நீளமான கோலால் இடித்து இறக்கிச் சுட வேண்டும். ஒரு குண்டு சுட்டால் மறுபடி முதலிலிருந்து அத்தனையும் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட கல்குவாரிக்குள் இருக்கிற துப்பாக்கிச் சங்கத்துக்குப் போவார். மத்தியானம் மூக்கு நுனி வரை கரியோடு திரும்புவார். அண்ணி பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்துத் தயாராக இருப்பார். அந்தக் கரியை அன்றைக்கே சுடுதண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் மறுநாளே துரு ஏறிவிடும். அண்ணன் பேப்பர் படிப்பார், அண்ணி கழுவுவார். முப்பது வருஷம் இதுதான் வழக்கம்.

போன வருஷம் பேருந்தில் உட்கார்ந்தபடியே அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலி. இறங்க வேண்டிய இடம் வந்தும் எழுந்திருக்கவில்லை என்று நடத்துனர் தோளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் இறந்துபோனால், ஒரு வருஷத்துக்குள் குடும்பத்தில் யாராவது சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் துப்பாக்கியைச் சாகடித்துவிடுவார்கள். குழலில் ஓட்டை போட்டு, உள்ளே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அது வெறும் இரும்புக் கம்பு. சங்கத்தின் செயலாளர் யார் தெரியுமா? என் சின்னண்ணன். அவர் ஒரு நாள் சாயந்திரம் வந்து, சாப்பாட்டு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, எல்லாம் முடிவாகிவிட்டது போலப் பேசினார்.

"அண்ணி, சங்கத்துல பேசிட்டேன். அண்ணன் துப்பாக்கியை அங்கயே ஹால்ல மாட்டிடலாம். கீழ அவர் பேரு. ஓட்டை போடுறது நம்ம பட்டறைலயே பண்ணிக்கலாம். நீங்க ஒண்ணும் கவலைப்பட வேணாம்."

அண்ணி தட்டு கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எனக்கு அது வேணும் தம்பி."

"ஞாபகமா வெச்சுக்கத்தானே? அவர் கைக்கடிகாரம் இருக்கு, கண்ணாடி இருக்கு…"

"வேணும்னு சொன்னேன். ஓட்டை போடாம வேணும். சோதனைக்கு நான் போறேன்."

சின்னண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "ரேடியோ துப்பாக்கி சுடப் போகுதா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் கண்ணடிக்கவில்லை. "ஏன், நீங்க சுடுறப்ப அவங்க சுடக்கூடாதா?" என்றேன். "நீ சும்மா இரு" என்றார். அண்ணன் என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று யாரோ இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சங்கத்தில் புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் ஊரில் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். எல்லாருக்கும் குழாய்க்காரர்தான். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய்கூட அவர் மாற்றியதுதான், இன்னமும் லேசாகச் சொட்டுகிறது. அதைச் சொல்லித்தான் அண்ணி முதல் நாளே அவரை வரவேற்றார்.

"உங்க துப்பாக்கியாவது சொட்டாம இருக்குமா?"

"அக்கா, மொதல்ல ஒரு விஷயம். மருந்தைக் கையில எடுத்ததுல இருந்து கோலை வெளிய எடுக்குற வரைக்கும் பேசக் கூடாது."

"யாரு?"

"நீங்கதான்."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, பல்லைப் பிடுங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நோயாளிகள் என்னைப் பார்ப்பார்களே, அதே பார்வை.

முதல் நாள் மருந்தே தரவில்லை. வெறும் கையால் வரிசையைச் செய்து காட்டச் சொன்னார். கோலைக் குழலுக்குள் விட்டு உள்ளே ஏற்கெனவே எதுவும் இல்லை என்று பார்க்க வேண்டும். மருந்துக் குப்பியிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றக் கூடாது. உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தால் குப்பியோடு வெடித்துவிடும். அதனால் சின்ன அளவுக்குழாயில் ஊற்றி, குப்பியை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அப்புறம்தான் குழலில் கொட்ட வேண்டும். கொழுப்புத் தடவிய துணி வட்டத்தை வாயில் விரித்து, அதன் மேல் குண்டை வைத்து அழுத்தி, கோலால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். குண்டு மருந்தின் மேல் நன்றாக உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் குழலே பிளந்துவிடலாம். முகத்தை ஒருபோதும் குழலின் வாய்க்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது. கோலை வெளியே எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து, குழல் பலகையைப் பார்த்து நிற்கும்போதுதான் கேப்பு என்கிற சின்னச் செம்புத் தொப்பியை, குழலின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் காம்பில் மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் சுத்தியல் அந்தத் தொப்பியில் அடிக்கும், பொறி உள்ளே போகும்.

"கோலை எடுக்க மறக்குறவங்க உண்டா?" என்று நான் கேட்டேன்.

குழாய்க்காரர் கொஞ்சம் தயங்கினார். "உண்டு. ஒருத்தர் கோலோட சேர்த்தே சுட்டுட்டார். அது போய்ப் பலகையில ஈட்டி மாதிரி நின்னுச்சு."

"யாரு?"

"பெரியவர்தான். அக்காவோட வீட்டுக்காரர்."

அண்ணி இடுப்பில் கை வைத்தார். "அந்தக் கோல் மழையில தொலைஞ்சு போச்சுன்னு சொன்னாரே என்கிட்ட!"

அன்றைக்கு வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தார். நடு நடுவே "ஈட்டி மாதிரியாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அண்ணன் போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ரொட்டிக்கடைக் கை அவரைப் படாத பாடு படுத்தியது. இரண்டாம் வாரம் மருந்தைக் கொடுத்ததும், அளவுக்குழாயைப் பார்க்காமலே ஒரு சாய்ப்பு சாய்த்துவிட்டு, "இது போதும், கண்ணாலயே தெரியுது" என்றார். குழாய்க்காரர் அதை வாங்கித் திரும்பக் குப்பியில் ஊற்றினார். "இது உப்பு இல்லக்கா." மறுபடி கண்ணால் அளந்தார். மறுபடி ஊற்றினார். மூன்றாவது தடவை அண்ணி அளவுக்குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, விளிம்பு வரை நிரப்பி, விரலால் தட்டிச் சமன் செய்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "போதுமா? இல்ல எண்ணிப் போடணுமா?"

அண்ணன் வைத்திருந்த இரண்டாவது கோலில் அடையாளம் ஒன்றுமே இல்லை. எல்லாம் தெரிந்தவருக்கு எதற்கு அடையாளம்! அண்ணி என் நகப்பூச்சை எடுத்து இரண்டு சிவப்பு வளையம் போட்டார். குழல் காலியாக இருந்தால் மேல் வளையம் குழலின் வாய்க்குச் சமமாக நிற்கும். மருந்தும் குண்டும் சரியாக இறங்கியிருந்தால் கீழ் வளையம் வாயோடு நிற்கும். அது எனக்குப் பிடித்த நிறம், பாட்டில் பாதி காலி.

முதல் நிஜக் குண்டு சுட்ட அன்று பலகையில் படவில்லை. எங்கே போனது என்று குவாரிக்குத்தான் தெரியும். தோளில் ஒரு தள்ளு, காதடைக்கிற சத்தம், ஒரு வெள்ளைப் புகை மூட்டம். புகைக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது: "இன்னொண்ணு!"

நான் கூடப் போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். ரொட்டிக்கடையில் கூட வேலை செய்யும் பெண்கள் அண்ணியைக் கேட்டார்களாம், "அவர் நினைவாவே இருக்கீங்க இல்ல?" என்று. தெருவிலும் அதே பேச்சு. புருஷன் மேல் என்ன பாசம், துப்பாக்கியைக் காப்பாற்ற இந்த வயதில் இந்தப் பாடு படுகிறாள் என்று உச்சுக் கொட்டினார்கள். அண்ணி மறுத்ததில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை நாள் வெயில் நன்றாக இருந்தது. நிபந்தனை இது: துப்பாக்கி கேட்பவர் தன் கையாலேயே மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்து, மூன்று குண்டைப் பலகையில் போட வேண்டும். எத்தனை தடவை சுட்டாலும் பரவாயில்லை, ஆனால் சிவப்புக் கொடி இறங்குவதற்குள் மூன்று பட்டிருக்க வேண்டும். வேறொருவர் கை துப்பாக்கி மேல் பட்டாலோ, யாராவது குறிப்பு சொன்னாலோ அத்தோடு சோதனை முடிந்தது. சங்கத்து ஆட்கள் ஒரு பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஹாலில் ஆணி அடித்துத் தயாராக இருந்ததை நான் போகும்போதே பார்த்தேன். பெயர்ப் பலகைகூட மாட்டிவிட்டார்கள்.

முதல் குண்டு பலகையின் ஓரத்தில். இரண்டாவது நடுவுக்குக் கொஞ்சம் கீழே. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஈரத்துணி விட்டுக் குழலைத் துடைத்து, நிதானமாக, வாயை இறுக மூடிக்கொண்டு அண்ணி வேலை செய்தார். வேடிக்கை பார்த்தவர்கள் மெதுவாகப் பேச்சை நிறுத்தினார்கள்.

மூன்றாவதுக்கு மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் சின்னண்ணன் கயிற்றைத் தாண்டி உள்ளே போனார்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? அண்ணன் இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பாரா?"

வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் மருந்தைக் கையில் எடுத்தவரிடம் பேசக் கூடாது என்று ஒரு சங்கத்தின் செயலாளருக்குத் தெரியாதா? அண்ணிக்கு முகம் சிவந்தது. ரேடியோ திறந்துகொண்டது.

"ஒத்துக்கிறதுக்கு அவர் யாரு தம்பி? நீங்க யாரு? என் வீட்டு அலமாரியில இருக்குற சாமான் மேல பேரு போட்டு ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?"

பேசிக்கொண்டே குப்பியை மூடிக் கீழே வைத்தார். பேசிக்கொண்டே துணி வட்டத்தை எடுத்தார். குண்டை வைத்தார், அழுத்தினார், கோலால் இடித்து இறக்கினார். கை பாட்டுக்குக் கை வேலை செய்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தற்செயலாகக் குழாய்க்காரர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. வாயைத் திறக்கப் போய், உதட்டைக் கடித்துக்கொண்டார். சொன்னால் சோதனை போய்விடும்.

"சின்னண்ணே, கயித்துக்கு இந்தப் பக்கம் வாங்க!" என்று நான் கத்தினேன். வந்தார். வந்த வேலைதான் முடிந்துவிட்டதே.

அண்ணி கேப்பை மாட்டிக் குறி பார்த்து விசையை இழுத்தார். 'டப்' என்று பொம்மைத் துப்பாக்கிச் சத்தம். அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டு பரவியது.

அண்ணி துப்பாக்கியை இறக்கவில்லை. சில சமயம் பொறி தாமதமாகப் பிடிக்கும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழல் பலகையைப் பார்த்தபடியே வெகுநேரம் அசையாமல் நின்றார். அப்புறம் குழலை நிமிர்த்தி, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, கோலை உள்ளே விட்டார். வாயோடு நிற்க வேண்டிய கீழ் வளையம் உள்ளே போய் மறைந்துவிட்டது. குண்டு இருக்கிறது, அதற்கு அடியில் மருந்து இல்லை. வெறும் குண்டை இறக்கி அடைத்து வைத்திருக்கிறார். அண்ணிக்குப் புரிந்தது எனக்கும் புரிந்தது.

சின்னண்ணன் மறுபடி கயிற்றருகே வந்தார். இந்தத் தடவை குரல் குழைந்தது. "பரவால்ல அண்ணி. எல்லாருக்கும் நடக்குறதுதான். கொடுங்க, நான் குண்டை எடுத்துத் தரேன். கொடி இறக்குற நேரம் வேற ஆகுது. இவ்வளவு தூரம் வந்ததே பெருசு."

கையை நீட்டினார். அந்தக் கை இரும்பில் பட்டால் போதும், எல்லாம் முடிந்தது.

அண்ணி அவர் கையைப் பார்த்தார். துப்பாக்கியைத் தன் மார்போடு இழுத்துக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். ரேடியோ என்று பெயர் வாங்கிய மனுஷி, திட்ட ஆயிரம் வார்த்தை வைத்திருப்பவர், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சின்னத் திருகுச்சாவியைப் போட்டுக் கேப்பு உட்காரும் காம்பைக் கழற்றினார். அதன் கீழே குண்டூசித் தலை அளவில் ஒரு துவாரம். குண்டை வெளியே தள்ளும் அளவுக்கு, அந்த வழியாக மருந்தைச் சிட்டிகை சிட்டிகையாக உள்ளே விட வேண்டும். உப்பை வீசியே பழகிய விரல்கள். ஒரு சிட்டிகை, தட்டுதல், இன்னொரு சிட்டிகை, தட்டுதல். கொஞ்சம் வெளியே சிந்தியது, துடைத்துவிட்டு மறுபடி. வெயில் நேராகத் தலையில் இறங்கியது. கொடிக்கம்பத்துப் பக்கம் ஒருவர் போய் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரை முறைத்த முறைப்பில் அவர் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டார்.

காம்பைத் திரும்ப முறுக்கினார். கோலால் குண்டை மறுபடி அழுத்தி உட்கார வைத்தார். கேப்பு. விசை. 'புஸ்' என்று ஒரு சோம்பேறிச் சத்தம். குண்டு பத்தடி தள்ளிப் புல்லில் போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் முதலிலிருந்து எல்லாம். ஈரத்துணி, காய்ந்த துணி, கோல், மேல் வளையம், குப்பி, அளவுக்குழாய் விளிம்பு வரை. இந்தத் தடவை மருந்து குழலுக்குள் இறங்குகிற சரசரப்பு எனக்கே கேட்டது, அவ்வளவு அமைதி. துணி, குண்டு, இடி. கீழ் வளையம் வாயோடு நின்றது. கோலை உருவினார். கேப்பு மாட்டினார்.

சத்தம் குவாரிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. புகை கலைந்ததும் குழாய்க்காரர் தூரக்கண்ணாடியில் பார்த்தார். "பட்டிருக்கு!" என்று கத்தினார். "நல்லாவே பட்டிருக்கு!" நான் கயிற்றைத் தாண்டி ஓடிவிட்டேன். பத்துப் பேரும் கை தட்டினார்கள், சிரித்தவர்கள் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள்.

சின்னண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது. அதையும் நான் மறைக்கவில்லை. மெதுவாக நடந்து வந்தார்.

"ஜெயிச்சுட்டீங்க அண்ணி. அண்ணன் எங்க இருந்தாலும் சந்தோஷப்படுவார். அவருக்காக இவ்வளவு பண்ணியிருக்கீங்க. இனிமே யாரும் இதைத் தொட மாட்டாங்க. பத்திரமா அலமாரியில வெச்சுக்குங்க."

அண்ணி முகத்துக் கரியைப் புறங்கையால் துடைத்தார். கன்னம் முழுக்க இழுபட்டது.

"தம்பி, கல்யாணம் ஆன புதுசுல உங்க அண்ணன்கிட்ட கேட்டேன், நானும் ஒரு தடவை சுடட்டுமான்னு. சிரிச்சார். அடுத்த வருஷம் கேட்டேன். தண்ணி சுட்டுருச்சா பாருன்னார். அப்புறம் கேக்குறதை விட்டுட்டேன், ஆனா ஆசைப்படுறதை விடல. முப்பது வருஷம் நான் கழுவித் துடைச்ச துப்பாக்கி இது. நான் அவருக்காகச் சுடல. எனக்குச் சுடணும்னு இருந்துச்சு, சுட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. போனது என் அண்ணன் இல்லையா? நல்ல மனுஷன், எனக்கு ஒரு குறையும் வைக்காதவர். அந்த நல்ல மனுஷன்தான் முப்பது வருஷம் பேப்பர் படித்தார் என்பதும் உண்மை. அதை யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

அதற்கு அவர் நேரம் கொடுக்கவில்லை. குனிந்து மருந்துக் குப்பியை எடுத்தார்.

"அக்கா, மூணு ஆயிடுச்சே. சோதனை முடிஞ்சிருச்சு" என்றார் குழாய்க்காரர்.

"அது உங்களுக்கு முடிஞ்சுது" என்றார் அண்ணி. "கொடி இன்னும் மேலதானே இருக்கு?"

எல்லாரையும் கயிற்றுக்கு வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். செயலாளர் உட்பட எல்லாரும் போனோம். அண்ணி வாயை மூடிக்கொண்டு, புல்லில் விழுந்ததைக் கணக்கில் சேர்க்காமல், நாலாவது குண்டுக்கு மருந்தை அளந்தார்.